'கூட்டிப்போனார்கள்' என்ற சொல்லில் தொடங்குங்கள்

தாத்தா 1939-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனார், 1951-இல் திரும்பி வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டியும் பதினொரு கடிதங்களும் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்களில் திருத்துறைப்பூண்டியில் இருக்கும் பெரிய அத்தை மட்டுமே மிச்சம். இதை நாவலாக்க உட்கார்ந்தால் இருபது பக்கத்துக்கு மேல் நகரவில்லை. எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்று பிடிபடவில்லை. அப்பாவோ "எழுதவே வேண்டாம்" என்கிறார். இதுதான் நீங்கள் கேட்டது, தம்பி. இருபது பக்கத்தையும் கூடவே அனுப்பியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன்.

நான் நாகூருக்கு மேற்கே வெட்டாற்றங்கரையில் பிறந்தவள். என் தாத்தா பண்ணையாள். அவர் 1936-இல் மலாயா போய் 1947-இல் திரும்பினார். அந்தக் கதையை எழுதி முடிக்க எனக்கு ஒன்பது வருடம் ஆனது. அதில் முதல் ஐந்து வருடம் நான் செய்த தவறைத்தான் நீங்களும் செய்கிறீர்கள் என்பதால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். "1939-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் கங்காணி வந்து தாத்தாவை மலாயாவுக்குக் கூட்டிப்போனார்." 1938 ஜூன் மாதத்தில், தோட்டத் தொழிலாளர்களை உதவித்தொகையில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்துவிட்டது. கங்காணி ஊருக்குள் வந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய முறை அத்தோடு முடிந்தது. பிறகு போனவர்கள் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர்கள். ஆகவே உங்கள் வாக்கியத்தில் ஆண்டு தவறாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கங்காணி தவறாக இருக்க வேண்டும். முதல் கடிதத்தில் 1939 என்ற அஞ்சல் முத்திரை இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள்.

இதைக் கேட்டு மனம் தளராதீர்கள். உங்கள் நாவலின் வாசல் இங்கேதான் இருக்கிறது. கங்காணி வரவில்லை என்றால் கப்பல் கட்டணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? யாருடைய தோடு அடகுக்குப் போனது? யாரிடம் சொல்லிக்கொண்டு போனார், யாரிடம் சொல்லவில்லை? இந்தக் கேள்விகளை உங்கள் வீட்டில் யாரும் கேட்காமல் இருக்கத்தான் கங்காணி உள்ளே வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. 'கூட்டிப்போனார்கள்' என்று சொல்லிவிட்டால் போனவர் மேல் பழி இல்லை. 'போனார்' என்றால் வீட்டில் இருந்தவர்களை விட்டுவிட்டுப் போனார் என்றாகிவிடும். 'ஓடிப்போனார்' என்றால் இன்னும் மோசம்.

என் வீட்டிலும் இதே சொல்தான் வழங்கியது. "கங்காணி வந்தான், கூட்டிப்போனான்." ஆண்டு 1936 என்பதால் அது பொருந்தியும் போனது. வெள்ளைச் சட்டை போட்டு, கைக்கடிகாரம் கட்டி, பக்கத்து ஊருக்கு ஒரு கங்காணி வந்துபோனது நிஜம். நானும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருந்த ஒரு பெரியவர்தான் ஒரு மழை நாளில் சொன்னார்: "உன் தாத்தன் இருட்டில் போனான். விடிந்ததும் பண்ணையிலிருந்து ஆள் வந்து உன் சின்னத் தாத்தனை இழுத்துக்கொண்டு போனார்கள்." கல்யாணத்துக்காகப் பண்ணையில் வாங்கிய கடன் இருந்திருக்கிறது. கடன் இருக்கும்வரை பண்ணையாள் ஊரை விட்டு நகர முடியாது. நாகப்பட்டினத்தில் மலாயா போகிறவர்களுக்கான குடியேற்ற முகாம் இருந்தது. கங்காணியை நம்பாமல் நேரே அங்கே போய்ப் பெயர் கொடுத்தவர்களும் உண்டு. தாத்தா அப்படிப் போனவர். அவர் போட்டுவிட்டுப் போன கடனுக்குச் சின்னத் தாத்தா வருடக்கணக்கில் உழைத்துக் கொட்டியிருக்கிறார். தாத்தா திரும்பி வந்த பிறகு இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டியிருந்தது. ஒரே பானையில் சோறு வேக வேண்டுமென்றால் ஒரு சொல் தேவைப்பட்டது. 'கூட்டிப்போனார்கள்' என்ற சொல்லை அவர்கள் இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்தச் சொல்லின் மேல் எனக்கு இப்போது பெரிய மரியாதை இருக்கிறது. ஆனாலும் நாவலில் அதைத் திறந்துதான் ஆக வேண்டியிருந்தது.

நம் மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இரண்டாம் பக்கத்தில் "வறுமை காரணமாக" என்று எழுதியிருக்கிறீர்கள். வானம் பார்த்த பூமியிலிருந்து கப்பலேறியவர்களின் பேரன் அப்படி எழுதினால் வாசகர் ஒப்புக்கொள்வார். மழை பொய்த்தது, கண்மாய் காய்ந்தது, போனார்கள். காவிரிப் பாசனத்து ஆட்களுக்கு அந்தக் காரணம் போதாது. மேட்டூர் அணை 1934-இல் திறந்தாயிற்று. என் தாத்தா போன வருடம் ஆற்றில் தண்ணீர் இருந்தது, வாய்க்காலில் இருந்தது, வயலிலும் இருந்தது. நாகப்பட்டினத்துக்கு நடந்து போகும் வழி முழுக்க இரண்டு பக்கமும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதன் கடலை நோக்கி நடந்திருக்கிறான் என்றால், அவன் நட்டு, களை பறித்து, அறுத்து, களத்தில் குவித்த நெல்லில் அவனுக்கு மரக்கால் கணக்கில் அளந்து போட்டது எவ்வளவு, எதிர்த்துக் கேட்டவனுக்குச் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றிய சாணிப்பாலும் சவுக்கடியும் எப்படி இருந்தன என்பதெல்லாம் கதைக்குள் வந்தாக வேண்டும். 'கஷ்டம்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். அது என்ன கஷ்டம் என்று விரித்துக் காட்டாத வரை, உங்கள் தாத்தா காகிதத்தில்தான் இருப்பார்.

உங்கள் குடும்பம் நிலம் வைத்திருந்ததா, குத்தகைக்கு உழுததா, பண்ணையில் இருந்ததா என்பதை இருபது பக்கத்தில் ஓரிடத்திலும் நீங்கள் சொல்லவில்லை. சாதியையும் சொல்லவில்லை. தயக்கம் புரிகிறது. ஆனால் கீழத் தஞ்சையில் ஒருவர் ஏன் போனார் என்பதற்கு இந்த இரண்டும் இல்லாமல் விடை கிடையாது. கூத்தாநல்லூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகச் சபர், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போன வணிகக் குடும்பங்கள் இருக்கின்றன; கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்வோம். அவர்களுக்குக் கடலின் அந்தப் பக்கத்தில் கடையும் உறவும் காத்திருந்தன. அதே கப்பலில் போன என் தாத்தாவுக்கு அந்தப் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. 'கப்பலேறினார்' என்று இருவரையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால் இருவருமே காணாமல் போய்விடுவார்கள்.

எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்ற கேள்விக்கு நான் வைத்திருக்கும் கணக்கைச் சொல்கிறேன். உலகம் நடந்தபடியே இருக்க வேண்டும். மனிதர்களின் உள்ளே நடந்ததை நீங்கள் உண்டாக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தாத்தா என்ன நினைத்தார் என்பதைக் கற்பனை செய்யப் பயந்து, கப்பலையும் துறைமுகத்தையும் இஷ்டத்துக்குக் கற்பனை செய்கிறார்கள்.

உங்கள் நாலாம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் துறைமேடையில் வந்து நிற்கிறது. தாத்தா பலகையில் ஏறி, மேல்தளத்தில் நின்று, பாட்டியைப் பார்த்துக் கையசைக்கிறார். நாகப்பட்டினத்தில் அது நடந்திருக்க முடியாது. ரஜூலா போன்ற கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் கப்பலில் சேர்ப்பார்கள். பாட்டி வழியனுப்ப வந்திருந்தால் அவர் பார்த்தது ஒரு படகையும், தலைகளும் மூட்டைகளும் நெருக்கியடித்த கூட்டத்தையும்தான். முகம் தெரிந்திருக்காது. படகு அலையில் ஏறி இறங்கும்போது ஒரு கணம் தெரியும், அடுத்த கணம் மறையும். அப்புறம் தூரத்தில் புகைக்குழாய். ஏறிவிட்டாரா என்பதுகூட அவருக்கு நிச்சயமில்லை. கையசைக்கும் காட்சியை விட இது எவ்வளவு கனமானது என்று பாருங்கள்! கப்பல் எப்போது நகர்ந்தது என்று தெரியாமல், எவ்வளவு நேரம் நிற்பது என்றும் தெரியாமல் அந்த மணலில் ஒரு பெண் நின்றிருக்கிறாள். எந்த நேரத்தில் அவள் திரும்பி நடந்திருப்பாள்? இதை நீங்கள்தான் எழுத வேண்டும். இங்கே உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. ஆனால் எல்லாருடைய தாத்தாவும் ரஜூலாவில்தான் போனார் என்று எழுதிவிடக் கூடாது. அந்த வழியில் வேறு கப்பல்களும் ஓடின. பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் 'கப்பல்' என்று விட்டுவிடுங்கள். ஏறியவர்களில் பாதிப் பேருக்கு அப்போதும் பெயர் தெரிந்திருக்காது. போய்ச் சேர்ந்ததும் நேரே தோட்டத்துக்குப் போய்விடவும் முடியாது. பினாங்குக்குப் பக்கத்தில் பூலாவ் ஜெரஜாக் என்ற தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. மேல்தளப் பயணிகளை அங்கே இறக்கி வைத்திருந்துதான் அனுப்புவார்கள். மலாயாவில் கால் வைத்த முதல் நாள்களைக் கரையைப் பார்த்தபடி ஒரு தீவில் கழித்தவர் என்ன யோசித்திருப்பார் என்பது இன்னொரு அத்தியாயம்.

அடுத்து, கடிதங்கள் இல்லாத காலம். உங்களிடம் இருக்கும் கடிதங்களில் 1941 ஐப்பசிக்குப் பிறகு அடுத்தது 1946-இல்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. 1945 செப்டம்பரில்தான் ஆங்கிலேயர்கள் திரும்பி வந்தார்கள். அந்த மூன்றரை வருடமும் தபால் இல்லை, பணம் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப நீங்கள் சயாம் ரயில் பாதைக்கு இரண்டு அத்தியாயம் ஒதுக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பான்காரர்கள் 1943 அக்டோபருக்குள் முடித்தார்கள். தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரமாக அங்கே செத்தார்கள். அது எழுதப்பட வேண்டிய கதை. ஆனால் உங்கள் தாத்தா அங்கே போனார் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. பெரியது என்பதற்காக ஒரு துயரத்தை எடுத்து நம் வீட்டு ஆளின் தோளில் ஏற்றக் கூடாது. உண்மையில் அங்கே செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். நேதாஜி படையில் இருந்தார் என்று பல வீடுகளில் சொல்வதையும் இப்படித்தான் நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில். உங்கள் தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார், அங்கிருந்து யார் யார் படைக்குப் போனார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

தெரியாதபோது? பார்வையை ஊர்ப்பக்கம் திருப்புங்கள். அந்த மூன்றரை வருடத்தை நான் அப்படித்தான் எழுதினேன். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் ஆடிப்பதினெட்டு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் ஆற்றங்கரைக்குப் போவார்கள், காதோலை கருகமணி வைப்பார்கள், காப்பரிசி படைப்பார்கள், பழைய மஞ்சள் கயிற்றை மாற்றிப் புதுக் கயிறு கட்டிக்கொள்வார்கள். பிள்ளைகள் சப்பரம் இழுக்கும். 1942 முதல் 1945 வரை நான்கு ஆடிப்பதினெட்டு வந்துபோனது. என் அப்பாயிக்குத் தாத்தா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. கயிறு மாற்றினாளா?

என் பெரிய அத்தை சொன்னார்: ஒரு வருடம்கூடத் தவறவில்லை, அம்மா போய் மாற்றிக்கொண்டுதான் வந்தாள். சின்ன அத்தை சொன்னார்: 1944-இல் மட்டும் போகவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். தெருவில் இருந்த ஒரு பாட்டி சொன்னார்: ஊரில் ஆளாளுக்குப் பேசினார்கள், மாமியார்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். மூன்று பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. இரண்டு வருடம் நான் யார் சொல்வது சரி என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய அத்தைக்கு என் மேல் கோபமே வந்துவிட்டது.

ஒரு நாள் கேள்வியை மாற்றிப் போட்டேன். இந்த மூன்று பேரும் உண்மையாக இப்படித்தான் நினைவில் வைத்திருக்க வேண்டுமென்றால், அன்று அங்கே என்ன நடந்திருக்க வேண்டும்? அப்போது ஒரு காட்சி வந்தது. அப்பாயி விடியுமுன் தனியாக ஆற்றுக்குப் போகிறாள். புதுக் கயிற்றை மஞ்சளில் நனைத்துக் கையில் வைத்திருக்கிறாள். மாற்றவில்லை. மாற்றிக் கட்டி, அவர் செத்துப்போயிருந்தால்? மாற்றாமல் விட்டு, அதனாலேயே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கயிற்றை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்புகிறாள். வாசலில் மாமியார் நிற்கிறாள். கழுத்தைப் பார்க்கிறாள். ஒன்றும் பேசாமல் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்துகிறாள். சாத்திய கதவுக்கு உள்ளே நடந்ததை ஒரு மகள் பார்க்கவில்லை. மறுநாள் புதுக் கயிற்றைப் பார்த்த மகளுக்கு அம்மா ஆற்றில் மாற்றியதாகத் தோன்றியது. கையைப் பிடித்துக் கூட்டிப்போனதை மட்டும் தெரு பார்த்தது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முழுக்க என் கற்பனை. மூன்று சாட்சிகளில் ஒருவரையும் அது பொய்யராக்கவில்லை. எழுதியதைப் பெரிய அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமியார் அவ்வளவு நல்லவள் இல்லை" என்றார். வேறெதையும் மறுக்கவில்லை.

அந்தக் காட்சியில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் "படித்துறையில் இறங்கினாள்" என்று எழுதியிருந்தேன். படித்த கதைகளில் எல்லாம் பெண்கள் படித்துறையில்தான் இறங்குவார்கள். தெருப் பாட்டி கேட்டுவிட்டு, "நமக்கு ஏதம்மா படித்துறை?" என்றார். எங்கள் தெரு ஆள்கள் இறங்கிய இடம் படித்துறைக்குக் கீழே, தண்ணீர் போகும் போக்கில், வெறும் சேற்றுச் சரிவு. கல் கிடையாது. கோரையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். 'சரிவில் கோரையைப் பிடித்தபடி இறங்கினாள்' என்று திருத்தியதும் அத்தியாயம் முழுவதும் மாறிப்போனது. ஒரு கையில் கோரை, மறு கையில் கயிறு.

இதே வருடங்களில் ஊரும் சும்மா இருக்கவில்லை. 1943-லிருந்து கீழத் தஞ்சையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் பண்ணையாள்களைச் சேர்த்துச் செங்கொடிச் சங்கம் அமைத்தார்கள். அங்கே தாத்தா ஜப்பான் கால மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது, இங்கே அவருடைய கடனைச் சுமந்த தம்பி கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்திருந்தார். திரும்பி வந்த தாத்தாவுக்கு உள்ளூரே வெளியூராகிவிட்டது. தம்பி பண்ணைக்காரர் எதிரில் துண்டை இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டு நின்றதைப் பார்த்து அவர் பயந்துபோனாராம். உங்கள் நாவலைத் தாத்தா வந்து இறங்குவதோடு முடிக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் வந்தது 1951. அடுத்த வருடம் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. அதே 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்தைப் புயல் தாக்குகிறது. மலாயாக் காசில் போட்ட கூரை அந்தக் காற்றில் என்ன ஆனது என்று அத்தையிடம் கேளுங்கள். வந்தவர் எப்படி ஒட்டினார், ஒட்டாமல் போனார் என்பதில் உங்கள் கதையின் பாதி இருக்கிறது.

கடிதங்களை அளவுக்கு மீறி நம்புகிறீர்கள். "இவ்விடம் யாவரும் சேமம், அவ்விடம் சேமத்துக்குப் பதில்" என்று தொடங்கும் கடிதத்தை எழுதியவர் பெரும்பாலும் தாத்தா இல்லை. தோட்டத்தில் எழுதத் தெரிந்த யாரோ ஒருவர். இங்கே படித்துக் காட்டியவரும் பாட்டி இல்லை. தபால்காரரோ, வாத்தியாரோ, சில ஊர்களில் பண்ணை வீட்டுக் கணக்கப்பிள்ளையோ. இரண்டு பக்கமும் மூன்றாவது ஆள் உட்கார்ந்திருக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொள்ள முடியும்? ஆகவே கடிதத்தில் இருக்கும் 'சேமம்' என்ற சொல்லைச் சேதியாக எடுத்துக்கொள்ளாமல், சொல்ல முடியாதவற்றின் மேல் போட்ட மூடியாக எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் கடிதங்களை முழுசாகத் தரவே தேவையில்லை. படிக்கப்படும் காட்சியை எழுதுங்கள்: யார் படிக்கிறார், யார் திண்ணையில், யார் வாசலில் நின்றபடி கேட்கிறார், எந்த வரியைப் படிப்பவர் விழுங்கினார்.

சொற்களைச் சேமியுங்கள். திரும்பி வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்த கோடாலித் தைலமும் கைலியும் தீர்ந்துபோயிருக்கும், கிழிந்துபோயிருக்கும். நாக்கில் கொண்டுவந்த சொற்கள் எப்படியோ நிற்கும். என் தாத்தா சாகும்வரை பணத்தை 'வெள்ளி' என்றுதான் எண்ணினார். ரப்பர் என்று சொல்ல மாட்டார், 'கித்தா' என்பார். விடிகாலையில் ஆள் எண்ணும் 'பிரட்டு', பால் பிடிக்கும் 'மங்கு', குடியிருந்த 'லயம்', கணக்கெழுதும் 'கிராணி'. களத்தில் நெல் தூற்றும் நேரத்தில் பிள்ளைகளை அவர் "பிரட்டுக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டதை நான் அப்படியே எழுதினேன். அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதவில்லை. வாசகர் புரிந்துகொள்வார். தோட்டத்தில் என்ன கொடுமை நடந்தது என்பதைப் பத்துப் பக்கம் விவரிப்பதைக் காட்டிலும், வீடு திரும்பி இருபது வருடம் கழித்தும் ஒருவர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வாசலில் வரிசைக்கு நிற்பதுபோல் நிற்பார் என்று எழுதுவது போதும்.

ஆவணங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது, 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு உட்பட. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழர்கள் பேசியதும் இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னால் வீட்டிலேயே தேடுங்கள்: மொய் நோட்டு, கருமாதிப் பத்திரிகை, பழைய பட்டா, அடகுச் சீட்டு. எங்கள் வீட்டு மொய் நோட்டில் தாத்தா பெயருக்கு நேரே 'மலாயாவிலிருந்து' என்று ஒரு தொகை எழுதப்பட்டிருந்தது. அந்தத் தேதியை வைத்துத்தான் போருக்குப் பிறகு பணம் எப்போது வர ஆரம்பித்தது என்று கண்டுபிடித்தேன். ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை முன்னுரையில் வைத்திருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள். உங்கள் தாத்தா கப்பலில் சுருண்டு படுத்திருந்தபோது அவருக்குச் சோழர் நினைவு வந்திருக்காது.

அப்பா ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு. மலாயாவில் பன்னிரண்டு வருடம் இருந்த ஆண்களில் பலருக்கு அங்கேயும் ஒரு குடும்பம் இருந்தது. எங்கள் பெட்டியில் சட்டைத் துணிக்கு அடியில் ஒரு போட்டோ கிடந்தது. ஒரு பெண், அவள் மடியில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தையின் பிள்ளைகள் இப்போது மலேசியாவில் கிள்ளான் பக்கத்தில் இருக்கிறார்கள். என் நாவலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவர்களுக்கு அனுப்பினேன். ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். அது என்ன என்று இங்கும் எழுத மாட்டேன். அவர்களோடு இன்று வரை உறவு இருக்கிறது. அந்தப் பத்தி இல்லாததால் நாவலுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. உயிரோடு இருப்பவர்களின் பெயர், தொழில், ஊர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரண்டு பேரை ஒருவராக்குங்கள், ஒருவரை இரண்டாகப் பிரியுங்கள். நான் ஊரின் பெயரை மாற்றினேன். ஆற்றின் பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அப்பாவிடம் அனுமதி கேட்டு நிற்காமல், எதை எழுதக் கூடாது என்று அவர் நினைக்கிறார் என்பதை மட்டும் கேளுங்கள். அவர் ஒன்றைச் சொல்வார். அதை எழுதுவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்; அவர் எதைக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

நாவலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கடற்கரையில் பாட்டி நின்ற அந்த ஒரு பொழுதைப் பன்னிரண்டு பக்கச் சிறுகதையாக எழுதுங்கள். அதற்கு முன் திருத்துறைப்பூண்டி போய் வாருங்கள். நல்ல நாள், விசேஷம் பார்த்துப் போகாதீர்கள், அன்றைக்கு நான்கு பேர் கூட இருப்பார்கள், அத்தை பழைய கதையையே சொல்வார். வெறும் வார நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். ஏன் போனார் என்று கேட்காதீர்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது யார் என்று கேளுங்கள். பதினொரு கடிதங்களையும் பாயில் பரப்பி, இவற்றில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று இருவருமாகப் பாருங்கள். பெட்டியைத் திறந்ததும் அவர் எதை முதலில் தொடுகிறார் என்பதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள்.